யோகா மாமி ஆசிரியை அல்ல

ஞாயிறு காலை, கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா படியேறி வந்தார். எங்கள் மாடியில் தொலைபேசி இல்லை. எந்தச் செய்தியும் அவர் கடைக்குத்தான் வரும். "மகள், அப்பாவக் கூப்பிடுங்க," என்றார். அப்பாவின் தங்கை யோகா மாமி புத்தளம் ஆஸ்பத்திரியில் மலேரியாவால் இறந்துவிட்டார்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குச் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நல்ல டீச்சர் என்று சொல்லி அழுதார்கள். நாங்கள் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தோம். "என்ன பாடம் படிப்பிச்சவ?" என்று ஒருவர் கேட்க, அம்மா தடுமாறி, "புவியியல்," என்றார். வயர்ச்சுருளும் பற்றரியும் நிலப்படங்களுமாகத் திரிந்த தமிழ்ப் பெண் என்று தெரிந்தால், குண்டு வைக்கிறவர் என்று சந்தேகித்து, இராணுவத்தின் சுற்றிவளைப்பில் எங்கள் எல்லோரையும் கொண்டுபோவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். எனக்கும்தான். மாமியை அறிந்தவர்களே, வீட்டில் எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன்.

புத்தளத்துக்கு வடக்கே, படிவுப் பாறைகளுக்கு அடியில் மறைந்திருக்கும் பிளவுகளைத் தேடுவது மாமியின் வேலை. சூரியனாலும் தூரத்து மின்னல்களாலும் நிலத்துக்குள் மெல்லிய மின்னோட்டம் உண்டாகும். உப்புநீர் ஊறிய உடைந்த பாறையில் அது சுலபமாக ஓடும். இறுகிய பாறையில் ஓடாது. அந்த வித்தியாசத்தை அளந்து, பிளவு எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று வரைவார். "மேல பார்த்தா வெறும் மணல். பிளவு வெளியில தெரிஞ்சா என்னை ஏன் கூப்பிடப் போறாங்கள்?" என்பார்.

அளப்பதற்கு மின்வாய்களைச் சேற்றோடு குழியில் புதைத்து வயர் இழுக்க வேண்டும். ஒருமுறை இராணுவத்தினர் கண்ணிவெடி என்று எல்லாவற்றையும் கிளறி எறிந்துவிட்டார்கள். அதன்பிறகு மாமி முதலில் முகாமுக்குப் போவார். குழியை அவர்களையே தோண்டச் சொல்லி, சிங்களத்தில் கேட்டு மண்வெட்டியைக் கொடுப்பார். "தாங்கள் தோண்டின குழியெண்டு மாட்டைக்கூடக் கிட்ட விடமாட்டாங்கள்," என்று சிரிப்பார்.

இன்னொரு நாள், காவலுக்கு வந்த இராணுவத்தினர், நிலத்தின் காந்த அலைவை அளக்கும் சுருளுக்குப் பக்கத்தில் துவக்குகளோடு நடந்தார்கள். இரும்பு அசைந்ததில் அளவு குழம்பியது. மாமி அதிகாரியிடம் போய், துவக்குகளையும் டிரக்கையும் பனைகளுக்கு அப்பால் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனார்கள்.

"பயமில்லையா, மாமி?" என்று கேட்டேன்.

"பயம்தான். கை நடுங்கினது. அதுக்காக இரும்பு இரும்பில்லாமப் போயிடுமே?"

அன்றைய அளவில்தான், யாரும் அறியாமல் கிடந்த ஒரு பிளவு தெரிந்தது. அது இப்போது நிலப்படத்தில் ஒரு கோடாக இருக்கிறது. மாமி கண்ட கோடு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, நடுங்கியபடியே வேலையை முடித்த அந்தக் கையை. என் கையும் இப்போது நடுங்குகிறது. யோகா மாமி ஒரு புவிப்பௌதிகவியலாளர். எழுதிவிட்டேன்.