சிவப்புக் கோடு போட்ட டியூப்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் என் கை படாத கல்யாணப் பெண் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மாவோடு போய் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவள். அன்றைக்கு எங்களை வாசலோடு நிறுத்தியவர்கள் வீட்டிலிருந்து இன்றைக்குக் கார் வருகிறது. உள்ளறையில் நாற்காலி போட்டு, பெண்ணின் தாடையை என் கையில் கொடுக்கிறார்கள். புருவத்துக்கு நூல் போடுவதில் ஆரம்பித்து இப்போது பெரம்பலூரில் ஏசி போட்ட பார்லர் வைத்திருக்கிறேன். எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் தப்பாகக் கற்றுக்கொண்டதையும் திருத்த ஆள் இல்லாமல் போயிற்று.

என் பார்லரில் ஒரு கிரீம் இருந்தது. சொந்தத் தயாரிப்பு. கடையில் விற்கும் சிவப்பழகு கிரீமோடு மெடிக்கலில் வாங்கும் ஒரு தோல் களிம்பைக் குழைத்து, சின்ன வெள்ளை டப்பாவில் அடைத்து, மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பேன். 'புள்ளி டப்பா குடுங்கக்கா' என்று கேட்டு வாங்கிப் போவார்கள். பத்து நாளில் கன்னத்தில் கருப்பாகப் படரும் மங்கு மறைந்து முகம் பளிச்சென்று ஆகும். அந்தக் களிம்பு டியூபின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கோடு போட்டது ஒரிஜினல், கோடு இல்லாதது டூப்ளிகேட் என்பது என் கணிப்பு. மெடிக்கலில் கோடு பார்த்துத்தான் வாங்குவேன். தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு பார்லர்காரிகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் உடையார்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டுச் சடங்கு. முந்திரித் தோப்புக் குடும்பம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, அம்மா என் பழைய வாடிக்கை. பத்தரைக்குத் தாய்மாமன் சீர் வரும். நான் ஒன்பதரைக்கு மணப்பெண் அறையில் பெட்டியைத் திறந்தேன்.

பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

"பாருங்கக்கா, எப்புடி கலர் வந்துருச்சு எம்பொண்ணுக்கு" என்றாள் அம்மா.

நான் கண்டது வேறு. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்திருந்தது. அதற்கடியில் நரம்பு சிவப்பு நூல் நூலாக ஓடியது. தாடையில் பொடிப் பொடியாகப் பரு, உதட்டுக்கு மேல் பூனைமுடி. இது வயசுக்கு வந்ததால் வந்த மாற்றம் இல்லை என்று என் கைக்குத் தெரிந்தது. ஆனாலும் பவுண்டேஷனை எடுத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், கை நிற்கவில்லை.

பஞ்சு பட்டதும் பிள்ளை தலையைப் பின்னால் இழுத்தாள்.

"எரியுது பெரிம்மா."

"மேக்கப்புனா லேசா எரியத்தான் செய்யும் பாப்பா."

"லேசா இல்ல. முந்திரிக்கொட்டை பாலு பட்ட மாதிரி எரியுது."

கொட்டை உடைக்கிறவர்களின் விரல் தோலையே உரித்துவிடும் பால் அது. அந்த ஊர்ப் பிள்ளை அதை விளையாட்டுக்குச் சொல்லாது.

கதவோரம் நின்ற அத்தை, அதாவது பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா, முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார். "எங்களுக்கெல்லாம் மஞ்சத் தண்ணி ஊத்துனதோட சரி. இவளுக்கு என்னடான்னா செவுத்துக்குப் பட்டி பாக்குற மாதிரில்ல பூசுறாங்க."

"நீங்க சும்மா இருங்கண்ணி" என்றாள் அம்மா. மகளிடம் திரும்பி, "பல்லக் கடிச்சிக்கிட்டு இருடி. ஆல்பம் ஆயுசுக்கும் இருக்கும்" என்றாள்.

தூரத்தில் மேளம் கேட்டது. சீர் சீக்கிரமே கிளம்பிவிட்டது. ஒரு கன்னம் பூசியாகிவிட்டது, மறு கன்னம் நெருப்பாகக் கிடந்தது.

"பாப்பா, மூஞ்சிக்கு என்ன போடுற? நெசத்தச் சொல்லு" என்று கேட்டேன்.

அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு காலடியில் இருந்த பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்தாள். வெள்ளை டப்பா. மூடியில் சிவப்புப் புள்ளி. உள்ளே விரலால் வழித்து வழித்து எடுத்த தடம்தான் மிச்சம்.

"அம்மாவோடதுதான். மூணு மாசமா தெனம் ரெண்டு வேள போட்டேன். தீந்து நாலு நாளாச்சு, அதுலேர்ந்துதான் ரொம்ப எரியுது. கிளாஸ்ல என்னய அட்டக்கரின்னு கூப்புடுறாங்க பெரிம்மா."

"அடிப்பாவி! எனக்கு மங்குக்குன்னு அக்கா குடுத்தத நீ ஏண்டி தொட்ட?" அம்மா மகளைத்தான் திட்டினாள். என்னைத் திட்ட அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா கொடுத்தது கெட்டதாக இருக்காது என்று அத்தனை நம்பிக்கை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த அறையில் யாருக்கும் விஷயம் தெரியாது. மேலே இன்னும் இரண்டு பூச்சு ஏற்றினால் சிவப்பெல்லாம் மறைந்துவிடும், அந்த வித்தை எனக்குத் தெரியும். மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடி, என் அடுத்த கைக்குத் தயாராக முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்து, பூசியதை ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

"என்னக்கா பண்றீங்க? மாமன் வாசலுக்கு வந்துட்டான்!"

"இந்த மூஞ்சில இன்னைக்கு ஒண்ணும் போடக்கூடாதும்மா. தப்பு புள்ள மேல இல்ல. டப்பா மேல."

"டப்பா உங்களுதாச்சே."

"என்னுதுதான்."

அத்தை ஒரு கணம் என்னைப் பார்த்தார். "கார் அனுப்பிக் கூட்டியாந்த லட்சணத்தப் பாத்தியாடி?" என்று தம்பி பெண்டாட்டியிடம் கேட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் வாசலில் நிற்பதுபோல இருந்தது எனக்கு.

பிள்ளை பொட்டும் பூவுமாக, பட்டுப்புடவையில், சிவந்த முகத்தோடு மேடைக்குப் போனாள். மாலை போட்ட மாமன் குனிந்து, "என்ன தாயி, அழுதியா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"இல்ல மாமா. வெயிலு" என்றாள். யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பிள்ளையின் முகம் வீங்கிவிட்டது. அரியலூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே டியூபை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பார்லரை இழுத்துப் பூட்டச் சொல்வார்களோ, போலீசில் சொல்வார்களோ என்று வழியெல்லாம் அதே நினைப்பு. ஊரில் என் பேச்சுக்கு இருந்த மரியாதை அந்த ஒரு டியூபுக்குள் இருந்தது.

நான் உள்ளே போனபோது அம்மா, "சாதா கிரீமுதாங்க போட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கம், வேறென்ன.

"எந்தக் கிரீம், அதுல என்ன இருக்குன்னு தெரியாம நான் என்ன மருந்து எழுதுறது?" என்றார் டாக்டரம்மா.

டியூபை மேசைமேல் வைத்தேன். "இதுதாங்க. மூணுல ஒரு பங்கு கலப்பேன். நான்தாங்க செஞ்சேன்."

டாக்டரம்மா டியூபைத் திருப்பினார். "இந்தக் கோடு எதுக்குன்னு தெரியுமா?"

"ஒரிஜினல் சரக்குக்கு அடையாளம்ங்க."

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. டியூபைப் பிள்ளையிடம் நீட்டி, "நீ படிம்மா" என்றார். வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, பொடி எழுத்து இங்கிலீஷை அவள் திக்கித் திக்கிப் படித்தாள். அது ஸ்டீராய்டு களிம்பு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்று டாக்டரம்மா அதற்கு அர்த்தம் சொன்னார். சிவப்புக் கோடே அந்த எச்சரிக்கைதானாம். இத்தனை வருஷம் அதைத் தேடித் தேடி வாங்கியிருக்கிறேன்.

கிரீமைச் சட்டென்று நிறுத்தியதால் முகம் கொதிக்கிறது, ஆற மாசக்கணக்கில் ஆகும், வெயில் ஆகாது, சிவப்பு நரம்பு கொஞ்சம் தங்கினாலும் தங்கும் என்றார். "கலர் பழையபடி ஆயிடும்."

"பழைய கலரா?" அம்மா அழுதுவிட்டாள்.

"அதுதாங்க அவ கலர்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வந்து டப்பாக்களை ஒன்று விடாமல் அழித்தேன். வாங்கிப் போனவர்கள் வீடு தேடிப் போய், டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். விக்கிரமங்கலத்தில் ஒருத்தி, "புது கிரீமு எறக்கிட்டியா, பழசக் கொற சொல்ற?" என்று சண்டைக்கு வந்தாள். நான் கோடு பார்க்கக் கற்றுக்கொடுத்த பார்லர்காரிகளில் ஒருத்தி இன்றும் என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பிளீச் கிடையாது, பேசியல் கிடையாது என்று சொல்லிவிட்டேன். வருகிற பிள்ளையை முதலில் முகம் கழுவச் சொல்கிறேன். வாங்கி வைத்திருக்கும் கிரீமைப் பின்பக்கம் திருப்பி, உள்ளே என்ன, எந்த மாசம் வரைக்கும் என்று சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வராது, அவர்கள்தான் படிக்க வேண்டும். ஒரே லிப்ஸ்டிக்கை நாலு பேர் பூசினால் பிடுங்கிக் குப்பையில் போடுவேன். போட்ட மேக்கப்போடு தூங்கினேன் என்று சொன்னால் என் வாயில் விழுந்து எழ முடியாது. "கலர் ஆவறதுக்குத்தானே வந்தோம்" என்கிற அம்மாக்கள் வேறு பார்லருக்குப் போகிறார்கள். போகட்டும்.

எட்டு மாசம் கழித்து ஒருநாள், பள்ளி ஆண்டுவிழாவில் ஆடப்போகிற நாலு தோழிகளோடு அந்தப் பிள்ளை என் பார்லருக்கு வந்தாள். நிறம் பழைய நிறம். கன்னம் தெளிந்திருந்தது. மூக்கோரம் மட்டும் ஒரு சிவப்பு நூல். நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அது போவாதாம் பெரிம்மா" என்றாள், சாதாரணமாக.

மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவள் அலமாரியில் இருந்த டியூப்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கோடு தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் நாற்காலியில் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு புது மைப் பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"உங்க சாமான் வேணாம். என்னுத இங்க கொஞ்சம் வச்சு விடுங்க, எரியுதான்னு ஒரு நாள் பாக்கணும். நாளைக்கு வரேன்" என்று காதைக் காட்டினாள்.

காதுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தேன்.

மறுநாள் கதவைத் திறந்ததும் வந்து நின்றாள். முடியை ஒதுக்கிக் காட்டினாள். வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சிவப்பும் இல்லை, தடிப்பும் இல்லை.

"எரிஞ்சுதா?"

"இல்ல."

அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.