எழுதாத தாழ்ப்பாள்

"பெல்லை அமுக்காதீங்க!"

நர்ஸின் விரல் பொத்தானுக்கு அரை அங்குலம் முன்னால் நின்றது. பாதிப் படியில் இருந்த பூட்டுக்காரர் மிச்சத்தை இரண்டிரண்டாகத் தாண்டி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார்.

"பெல்லுக்குள்ள ஒரு பொறி வந்தாப் போதும் சிஸ்டர். நாம மூணு பேரும் கீழ் வீட்லதான் இருப்போம்."

மூன்றாவது ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். கேஸ் நாற்றம் கதவின் கீழ் இடுக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. காலை பத்தேகால். நர்ஸ் இரவு வேலை முடித்து வந்து எதிர் வீட்டில் படுத்தவள். நாற்றம்தான் அவளை எழுப்பியிருந்தது.

"எட்டரைக்குப் பால் பாக்கெட் எடுத்தாரு, பார்த்தேன். அப்புறம் வெளிய போகலை. செருப்பு இங்கதானே கிடக்கு."

செருப்பு இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டபடி ஒழுங்காகக் கிடந்தன. கமா சாரின் செருப்பு வேறு எப்படியும் கிடக்காது. அச்சகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவர். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதால் கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே" என்பார்.

நர்ஸ் உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். "சார்! கமா சார்!" பதில் இல்லை. பூட்டுக்காரர் படிக்கட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

கட்டடச் சங்கத்துச் செக்ரட்டரி மூச்சிரைக்க மேலே வந்தார். கையில் சாவிக் கொத்து. "மெயினை அணைச்சாச்சு. எல்லாரையும் ரோட்டுக்கு இறக்கியாச்சு. தீயணைப்பு வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்குதாம். இருபது நிமிஷம்ங்கறான். தள்ளுங்க."

கொத்தில் இருபத்து நான்கு வீட்டுச் சாவிகள் இருந்தன. ஆறு வருடத்துக்கு முன்னால், இரண்டாம் மாடியில் தனியாக இருந்த ஓர் அம்மா குளியலறையில் விழுந்து நான்கு நாள் கிடந்தாள். நான்காம் நாள் அந்தக் கதவைத் திறந்தவர் பூட்டுக்காரர்தான். அன்று மாலை கூட்டத்தில், எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி செக்ரட்டரியிடம் இருக்க வேண்டும், உள்பக்கம் தனித் தாழ்ப்பாள் யாரும் போடக்கூடாது என்று விதி வந்தது. அதற்கு முதலில் கை தூக்கியவரும் பூட்டுக்காரர்தான்.

சாவி சுலபமாகச் சுழன்றது. பூட்டின் நாக்கு உள்ளே போகும் சத்தம் கேட்டது. செக்ரட்டரி தோளைக் கொடுத்தார். கதவின் மேல்பாகம் ஒரு நூல் அசைந்தது. கீழ்பாகம் அசையவில்லை.

"மழைல ஊறிப் போச்சா?"

"இருக்கும்" என்றார் பூட்டுக்காரர்.

ஊறவில்லை. கணுக்கால் உயரத்தில், உள்பக்கமாக, ஒரு சாண் நீள இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரே போட்டது.

குழாய்க் கசிவு பார்க்கிறேன் என்று செக்ரட்டரி ஒரு நாள் தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறார். கமா சார் அப்போதுதான் குளித்துவிட்டு, துண்டுகூட இல்லாமல், நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். செக்ரட்டரி "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்க் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம். மறுநாள் கமா சார் பூட்டுக் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எனக்கு எழுபத்தோரு வயசு. என் வீட்ல நான் எப்படி நிக்கறதுங்கறதை இன்னொருத்தன் சாவி முடிவு பண்ணுதுப்பா."

விதியை எடுத்துச் சொன்னார் பூட்டுக்காரர். கமா சார் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். அப்படி ஒரு மனிதர் கடைவாசலில் நிற்பதை இவரால் பார்க்க முடியவில்லை. தோளுக்கு மேல் கை தூக்க முடியாத ஆள் என்பதால், கால் கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி கீழே போட்டுக் கொடுத்தார்.

திறந்த பூட்டு, மாற்றிய பூட்டு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அவருடைய லைசென்ஸின் முதல் நிபந்தனை. இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதாமல் விட்ட ஒரே வேலை அது. விதியை மீறித் தாழ்ப்பாள் போட்டதும் அதை எழுதாமல் விட்டதும் தெரிந்தால் லைசென்ஸ் போகும். வேறு தொழில் தெரியாது. "ஊர்ல இருக்கிற கதவெல்லாம் திறப்பாரு, வாயை மட்டும் திறக்க மாட்டாரு" என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

"பின்பக்க ஜன்னலைப் பார்த்துட்டு வாங்களேன்" என்றார் செக்ரட்டரியிடம்.

செக்ரட்டரி இறங்கி ஓடினார். பின்பக்க ஜன்னலுக்குக் கம்பி போட்டிருப்பது பூட்டுக்காரருக்குத் தெரியும். செக்ரட்டரி பார்க்காமல் இரண்டு நிமிடம் வேண்டும், அவ்வளவுதான். குப்புறப் படுத்து, பையிலிருந்து மெல்லிய எஃகுத் தகட்டை எடுத்துக் கீழ் இடுக்கில் செலுத்தினார். தகடு தாழ்ப்பாளை உரசி ஒரு சின்னச் சத்தம் வந்தது. இரும்போடு இரும்பு. வெளியே இழுத்துவிட்டார்.

கேஸ் காற்றைவிடக் கனம். தரையில்தான் தேங்கும். மேலே போட்டிருந்தால் இத்தனை பயம் இல்லை. தாழ்ப்பாளைக் கொண்டுபோய்ச் சரியாகக் கேஸ் தேங்குகிற இடத்தில் வைத்திருந்தார்.

"கீழ என்ன தேடறீங்க?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணுமில்லை."

அவள் கதவில் காது வைத்தாள். "இருமுறாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுபோச்சு" என்றாள்.

செக்ரட்டரி கடப்பாரையோடு திரும்பி வந்தார். "கம்பி போட்டிருக்கு. இந்தக் கட்டடத்துலயே இருக்கீங்க, அதுகூடத் தெரியாதா? நகருங்க, நெம்பிடறேன்."

"வேண்டாம்."

"கதவு போனாப் போகுது அண்ணே!"

"அடிக்காதீங்க. உள்ள இரும்புத் தாழ்ப்பாள் இருக்கு. கீழ. பொறி பறக்கும்."

கடப்பாரை தோளிலேயே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் போட்டேன்."

தெருவில் யாரோ ஒருவரை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நீங்க கை தூக்கினீங்களே அண்ணே" என்றார் செக்ரட்டரி. "அந்தம்மாவைத் தூக்கிட்டு வந்தவரு நீங்க."

"அப்புறம் திட்டுங்க. ஒரு குடம் தண்ணி வேணும். ஈரத்துணி வேணும். சிஸ்டர், மரக்கரண்டி இருக்கா? நீளமா?"

பையிலிருந்து கையால் சுற்றும் டிரில்லை எடுத்தார். கடைசியாக எப்போது அதைத் தொட்டார் என்று நினைவில்லை. செக்ரட்டரியைப் பார்த்து, "நீங்க கீழ போயிடுங்க" என்றார்.

"போறேன், போறேன்" என்று சொல்லிக்கொண்டே செக்ரட்டரி கடப்பாரையைச் சத்தமில்லாமல் படியில் படுக்கவைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தாழ்ப்பாளின் குமிழைத் தள்ள விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போதும். கதவு மரம். நனைத்துக்கொண்டே மெதுவாகத் துளைத்தால் சூடாகாது. நான்கு திருகாணிகள்தான் சங்கடம். டிரில் அதில் ஒன்றைத் தொடக்கூடாது. மூன்று நேராகப் போனவை. நான்காவது, மரத்தில் ஒரு கணு இருந்ததால், சாய்ந்து போனது. வலப்பக்கமா, இடப்பக்கமா? எழுதி வைத்திருந்தால் பார்த்திருக்கலாம். எப்போதும் அதையும் எழுதுவார். அன்றைக்கு எழுதவில்லை.

கண்ணை மூடி, இல்லாத ஸ்க்ரூ டிரைவரை வலது கையில் பிடித்துத் திருகிப் பார்த்தார். கடைசிச் சுற்றில் முழங்கை சுவரில் இடித்தது ஞாபகம் வந்தது. உள்ளே நின்று பார்த்தால் சுவர் வலப்பக்கம். இங்கிருந்து பார்த்தால் இடம். கைப்பிடி சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் ஆணியின் முனை எதிர்ப்பக்கம், இங்கிருந்து வலப்பக்கம், போயிருக்க வேண்டும். இரண்டு விரல் இடப்பக்கமாகத் தள்ளி டிரில்லை வைத்தார்.

"ஊத்துங்க."

செக்ரட்டரி ஊற்றினார். பூட்டுக்காரர் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கன்னம் தரையில் பட, சுற்றினார். மரத்தூள் சேறாக வழிந்தது. இருபது சுற்றுக்கு ஒரு முறை நர்ஸ் அவர் சட்டைக் காலரைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மூச்சு விடுங்க. இன்னும். இன்னும். இப்பப் போங்க." அவள் தன் வார்டில் யாரையும் இப்படித்தான் அதட்டுவாள் போலிருந்தது.

முதல் துளை விழுந்தது. அதிலிருந்து வந்த நாற்றத்தில் தலை சுற்றியது. இரண்டாவது துளை அதை ஒட்டி. பாதியில் டிரில் எதிலோ முட்டி நின்றது. மூன்று பேரும் அசையவில்லை. அவர் கையைச் சுற்றாமல் வெறுமனே அழுத்தினார். கொஞ்சம் அமுங்கியது. இரும்பு அமுங்காது. கணு.

"ஊத்துங்க, ஊத்துங்க."

மூன்றாவது துளை விழுந்ததும் நடுவில் இருந்த மரத்தைக் கையாலேயே பிய்த்தார். நகம் ஒன்று பெயர்ந்தது. மரக்கரண்டியின் காம்பை உள்ளே விட்டுக் குமிழைத் தேடினார். நழுவியது. மறுபடி கிடைத்தது. தள்ளினார். எண்ணெய் போட்டு வைத்திருந்த தாழ்ப்பாள், சொன்னபடி கேட்டது.

நர்ஸ்தான் முதலில் உள்ளே போனாள். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கமா சார் கூடத்து நாற்காலியில், மடியில் செய்தித்தாளோடு, தலை தொங்கிக் கிடந்தார். கையில் பென்சில் இருந்தது. செக்ரட்டரி சிலிண்டரை மூடிவிட்டு ஓடி வந்து அவர் கால் பக்கம் பிடித்தார். பூட்டுக்காரர் தோள் பக்கம். மூன்று மாடியும் நிற்காமல் இறக்கினார்கள். தெருவில் கிடத்தி நர்ஸ் வேலை செய்தாள். ஐந்தாறு நிமிடம் கழித்து அவர் இருமினார். தீயணைப்பு வண்டி அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தது.

செக்ரட்டரி சட்டையைப் பிழிந்துகொண்டே பூட்டுக்காரரிடம் வந்தார். "நான் உங்க மேல எழுதிக் கொடுக்கப் போறதில்லை" என்றார். "ஆனா பின்பக்கம் போகச் சொன்னீங்க பாருங்க. அதை என்னால மறக்க முடியாதுண்ணே."

பூட்டுக்காரர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் பதிவேட்டைத் திறந்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு, மூன்றாம் மாடி, உள் தாழ்ப்பாள், கீழ்ப்பக்கம், வீட்டுக்காரர் கேட்டதால் என்று எழுதினார். அடுத்த வரியில் நேற்றைய தேதியைப் போட்டு, திறந்தது என்றும், உடன் இருந்தவர்கள் நர்ஸ், செக்ரட்டரி என்றும் எழுதினார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

லைசென்ஸ் பிரிவு குமாஸ்தா இரண்டு முறை படித்தார். "புகார் கொடுத்தது யாரு?"

"யாரும் கொடுக்கலை."

"அப்ப இதை எதுல சேர்க்கறது?" இதற்கென்று படிவம் இல்லை. புகார்ப் படிவத்தில், புகார்தாரர் என்ற இடத்திலும் எதிர்தரப்பு என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதச் சொன்னார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். மூன்று வாரம் கழித்து விசாரணை.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனார். கமா சார் உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாள் என்ன ஆயிற்று என்று கேட்டார். கழற்றிவிட்டதாகப் பூட்டுக்காரர் சொன்னார். "அந்த ஆள் சாவியோட வருவானே" என்றார் கமா சார். "உங்க கால் பக்கம் பிடிச்சு இறக்கினது அவருதான்" என்றார் பூட்டுக்காரர். "தெரியும். அதுக்காக?" என்று கமா சார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாலையில் கட்டடத்து வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எல்லா வீட்டிலும் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்கப் போவதாக எழுதியிருந்தது. கூட வரச் சொன்னார் செக்ரட்டரி. லைசென்ஸ் இல்லை என்றார் பூட்டுக்காரர்.

செக்ரட்டரி தனியாகவே தொடங்கினார். தரைத்தளத்தில் முதல் வீடு பூட்டுக்காரருடையது. சாவிக் கொத்து கையில் இருந்தது. அதை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு தட்டினார்.

"யாரு?" என்றாள் பூட்டுக்காரரின் மனைவி.

"செக்ரட்டரி."

"கையில மாவு. இருங்க."

செக்ரட்டரி வெளியே நின்றார். அவள் கை கழுவி, துடைத்து, விளக்கைப் போட்டு, வந்து திறந்தாள்.