அன்வர் அண்ணன் கடையில ஞாயித்துக்கிழமை துண்டு வீச்சு

இன்னைக்கு தேக்கா மார்க்கெட் பக்கம் யாரைப் பார்த்தேன் தெரியுமா? புரோட்டா மாஸ்டர் அன்வர் அண்ணனை! சும்மா ரெண்டு கோசோங், அதான் முட்டை போடாத வெறும் புரோட்டா, சாப்பிட்டுட்டுப் போலாம்னுதான் உட்கார்ந்தேன். அவர் சொன்ன கதையில புரோட்டா ஆறியே போச்சு. கை துடைச்ச கையோட டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சிருங்க.

அன்வருக்கு வீடு பூன் லேயில. வேலை லிட்டில் இந்தியாவுல, ஒரு சந்துக்குள்ள இருக்கிற கோப்பிக்கடையில. முதலாளி பாலகிருஷ்ணன் கல்லாவுல உட்கார்ந்து சத்தம் போடுவாரு, அன்வர் கல்லுக்கு முன்னால நின்னு மாவு வீசுவாரு. பல வருஷமா இதே ஜோடிதான். ஞாயித்துக்கிழமை காலையில கடையில நிக்க இடம் இருக்காது. ஈசூன்ல இருந்தும் ஜூரோங்ல இருந்தும் குடும்பம் குடும்பமா வருவாங்க. மார்க்கெட்ல காய்கறி வாங்கிட்டு, பை எல்லாம் மேசைக்குக் கீழ தள்ளிட்டு, புரோட்டாவுக்கு உட்கார்ந்துடுவாங்க.

உட்கார்ந்ததும் முதல் வேலை என்ன? மைலோ கப்புல போனைச் சாய்ச்சு, பிள்ளைக்கு முன்னால வெக்கிறது. பிள்ளை வாயைத் திறக்கும், அம்மா ஊட்டுவாங்க. என்ன சாப்பிடுறோம்னு பிள்ளைக்கே தெரியாது. அன்வர் மாவைத் தலைக்கு மேல குடை மாதிரி விரிச்சு வீசுவாரு, ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்காது.

"எனக்கு அதுல பெரிய கவலை இல்ல தம்பி. கவலை எல்லாம் பின்னாடி அரிசி மூட்டை மேல உட்கார்ந்திருந்துச்சு"ன்னாரு.

அது அவரு மக சுமையா. ஒன்பது வயசு. அம்மாவுக்கு ஞாயிறு காலையில ஆஸ்பத்திரியில ஷிஃப்ட், அதனால அத்தாவோட கடைக்கு வந்துடுவா. வாரம் பூரா அன்வர் வீடு திரும்புறதுக்குள்ள அவ தூங்கிடுவா. ஞாயிறு காலை ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கிற நேரம். அந்த நேரத்துல அவ டேப்லட்டுக்குள்ள இருப்பா. "சாப்பிட்டியாம்மா?" "ம்." "இன்னொண்ணு போடவா?" "ம்." அந்த 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை கேக்கணும்னு அந்த மனுஷன் எவ்வளவு ஏங்கிட்டாரு!

போன வருஷம் ஜூன் லீவுல ஒரு ஞாயிறு. ஈசூன்ல இருந்து வர்ற யதீசன் மேசையில திடீர்னு ஒரே அலறல். அவரு மக ஆரபிக்கு ஏழு வயசு, அவ பார்த்துக்கிட்டிருந்த போன்ல சார்ஜ் போயிடுச்சு. கடையே திரும்பிப் பார்க்குது. யதீசன் மூஞ்சி சிவந்து, "அண்ணே, சார்ஜர் இருக்கா, ப்ளீஸ்லா!"

அன்வர்கிட்ட சார்ஜர் இல்ல. தோள்ல ஒரு குட் மார்னிங் துண்டுதான் இருந்துச்சு. வெள்ளைத் துணியில சிவப்பு எழுத்து போட்டது, எல்லா கோப்பிக்கடையிலும் கிடக்குமே, அதேதான். அவரு வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாவு கொடுக்க மாட்டாங்களாம், வீணாப் போயிடும்னு. ஈரத் துண்டைக் கொடுத்து, "இதை வீசிப் பழகு"ம்பாங்களாம். அந்த ஞாபகத்துல துண்டை நனைச்சுப் பிழிஞ்சு ஆரபி கையில கொடுத்தாரு.

"பாப்பா, வலது கை மேல, இடது கை கீழ. தூக்கு, சுத்து, மேசையில பட்டுனு அடி. சுருங்காம விழுந்தா நீ ஜெயிச்ச."

பட்! சுருண்டு விழுந்துச்சு. பட்! அப்பா மூஞ்சியில விழுந்துச்சு. பக்கத்து மேசைப் பையன் சிரிச்சான். "நீ செஞ்சு பாரு முதல்ல!"ன்னு ஆரபி கத்தினா. அவ்வளவுதான். அடுத்த வாரம் பிள்ளைங்களே வீட்டுல இருந்து துண்டோட வந்து நின்னாங்க.

துண்டு காய்ஞ்சா வீச வராது. குழாய் பின்சந்து கோடியில இருக்கு. அங்க ஓடி, நனைச்சுப் பிழிஞ்சு, திரும்ப ஓடி வந்து வீசணும். யாரும் சொல்லாமலே அதுவே ரேஸ் ஆயிடுச்சு. வேர்த்து ஊத்தி, மூச்சு வாங்கி, "அம்மா பசிக்குது!"ன்னு வந்து நிக்கும் பாருங்க, யாரும் ஊட்ட வேண்டியதே இல்ல. பாலகிருஷ்ணனே பழைய மேசை ரெண்டைப் பின்சந்துல போட்டுக் கொடுத்தாரு. ஆனா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருப்பாரா?

"என்ன மாஸ்டர், ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் போனை விட்டுட்டு ஓடுது. உங்க வீட்டுப் பிள்ளை மட்டும் மூட்டையை அடை காக்குது!"

அன்வர் சிரிச்சுட்டு மாவை அடிச்சாரு. கொஞ்சம் பலமாவே அடிச்சாரு.

சுமையா விளையாடிப் பார்க்காம இல்ல. ரெண்டாவது வாரமே வந்தா. அத்தா சொன்ன மாதிரியே வலது கையை மேல வெச்சு வீசினா. துண்டு பறந்து போய் ஒரு தாத்தாவோட மீன் கறிக் கிண்ணத்துல விழுந்துச்சு. இன்னொரு தடவை வீசினா, அவ கழுத்துலேயே சுத்திக்கிச்சு. "ஐயே, புரோட்டா மாஸ்டர் மகளுக்கே வரல!"ன்னு யாரோ ஒரு பிள்ளை சொல்லிடுச்சு. சுமையா துண்டை மடிச்சு வெச்சுட்டு மூட்டை மேல ஏறி உட்கார்ந்தவ இறங்கவே இல்ல.

அன்வர் ஒரு வாரம் டேப்லட்டைப் பிடுங்கி வெச்சுப் பார்த்தாரு. அவ சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஐஸ் மைலோ வாங்கித் தர்றேன்னாரு. மைலோவைக் குடிச்சுட்டு, "தேங்க்ஸ் அத்தா"ன்னு மறுபடியும் கேமுக்குப் போயிட்டா. இவளுக்கு ஸ்க்ரீன் பைத்தியம் முத்திடுச்சு, இனிமே நம்ம பக்கம் திரும்ப மாட்டான்னே அவரு முடிவு பண்ணிட்டாரு.

அப்புறம்தான் அந்த மழை ஞாயிறு வந்துச்சு.

கொட்டு கொட்டுன்னு கொட்டுது. பின்சந்துல நிக்க முடியாது. பிள்ளைங்க எல்லாம் கடைக்குள்ள, கல்லுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவுல நெருக்கிக்கிட்டு வீசுறாங்க. ஆரபி ஒரு வீசு வீசினா, துண்டு கையை விட்டுப் பறந்து நேரா சுமையா தலை மேல சொத்துனு விழுந்துச்சு. டேப்லட் எல்லாம் தண்ணி.

"ஏய்!"ன்னு சுமையா எழுந்தா. வந்த கோவத்துல துண்டை எடுத்து விசிறினா பாருங்க! அது காத்துல ஒரு சுத்து சுத்தி, குடை விரியுற மாதிரி விரிஞ்சு, மேசையில ஒரு சுருக்கம் இல்லாம வந்து படுத்துச்சு.



"அக்கா! எப்படி செஞ்சீங்க? அகெய்ன்! அகெய்ன்!"னு ஆரபி குதிச்சா. சுமையா கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"எனக்கு வராது."

"பொய்! இப்பதான வந்துச்சு! அங்கிள், அக்கா லெஃப்டி லா. கேம் கூட அந்தக் கையாலதான் ஆடுறாங்க. நீங்க பார்த்ததே இல்லையா?"

அன்வர் மாவைக் கீழ வெச்சுட்டு வந்தாரு. குத்த வெச்சு உட்கார்ந்து, "ஏன்மா கையை ஒளிக்கிற?"ன்னு கேட்டாரு.

"அது இடது கை அத்தா."

"இருக்கட்டுமே."

"நீங்கதானே சொல்லுவீங்க, சாப்பாட்டை இடது கையால தொடக்கூடாதுன்னு. இது நீங்க புரோட்டாவுக்கு வீசுற வீச்சுதானே? இதுக்கும் அந்தக் கை கூடாதுதானே?"

 நம்ம வீடுங்கள்ல எல்லாரும் சொல்றதுதான். சின்னதுல அவ இடது கையால சோத்தை அள்ளும்போதெல்லாம் கையை மெதுவா தட்டி, "இந்தக் கை, இந்தக் கை"ன்னு மாத்தி வெச்சது அன்வர்தான். அவ அதை அப்படியே பிடிச்சு வெச்சிருக்கா. அத்தா பேச்சை மீறக்கூடாதுன்னு வராத கையால வீசி, கேலியும் வாங்கி, ஓடிப் போய் டேப்லட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கா. இவரு என்னடான்னா அதைப் பைத்தியம்னு நினைச்சாரு.

"அது வாயில வெச்சு சாப்பிடறதுக்குத்தான் கண்ணு. வேலைக்கு ரெண்டு கையும் வேணும். இங்க பாரு"ன்னு எண்ணெய் கையை நீட்டினாரு. "இந்த இடது கை லீவு போட்டா மாவு என் மூஞ்சியிலதான் விழும்."

"அப்ப நீங்க இடது கையை மேல வெச்சு வீசுங்க, பார்க்கலாம்."

"அது என்ன பெரிய விஷயம்?"

கடையே கூடிடுச்சு. அன்வர் நிஜ மாவை எடுத்தாரு, கையை மாத்தினாரு, சுத்தினாரு. மாவு சர்ருனு கல்லாப் பக்கம் பறந்து, பாலகிருஷ்ணன் தலையில தொப்பி மாதிரி உட்கார்ந்துச்சு!

"யோவ் மாஸ்டர்!"

"கோசோங்தான் முதலாளி, முட்டை போடல!"

சுமையா சிரிச்சா. மூட்டையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சுன்னு அன்வருக்கே ஞாபகம் இல்ல. அப்புறம் அவ துண்டை எடுத்தா. "இப்படி இல்ல அத்தா. இந்தப் பக்கமா சுத்தணும்." அவருக்கு எதிர்ல நின்னு அவ வீச, கண்ணாடியில பார்க்குற மாதிரி அவரும் வீச, மழை விடுற வரைக்கும் ரெண்டு பேரும் நிறுத்தல. கோசோங்குக்குக் காத்திருந்தவங்க கூட ஒரு வார்த்தை கேக்கல. நடுவுல யாரோ டேப்லட்டைத் துடைச்சு, அதையே தட்டாக்கி மூணு டீ கிளாஸை வெச்சிருந்தாங்க. சுமையா அதைப் பார்க்கவே இல்ல.

அன்னைக்கு சாயங்காலம் பூன் லே வீட்டுல அன்வர் கால் நீட்டிப் படுத்திருந்தாரு. சுமையா கதவுகிட்ட செருப்பு மாட்டிக்கிட்டு நின்னா.

"அத்தா, கீழ போலாமா? கேட்ச்சிங் விளையாடலாம். நீங்கதான் பிடிக்கணும்."

இதைச் சொல்லும்போது அன்வர் அண்ணன் மாவைத் தட்டிக்கிட்டே குனிஞ்சுக்கிட்டாரு. எண்ணெய்ப் புகைன்னு கண்ணைத் துடைச்சாரு. சத்தியமா எனக்கும் அதே புகைதான். "இடுப்பு போச்சு தம்பி! ஆனா ஓடினேன்"னாரு.

டேப்லட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்களான்னு கேக்காதீங்க. இருக்கு. ராத்திரி கொஞ்ச நேரம் ஆடுவாளாம். ஞாயித்துக்கிழமை அதை வீட்டுலேயே வெச்சுட்டு வர்றது அவளாவே எடுத்த முடிவு. இன்னைக்கு நான் பார்த்தப்போ பின்சந்துல நின்னு, "தண்ணியை நல்லா பிழிஞ்சுட்டு ஓடு! ஒழுகுது பாரு!"ன்னு ஆரபியை விரட்டிக்கிட்டிருந்தா. யதீசனும் வரிசையில நிக்கிறாரு, கையில ஈரத் துண்டோட. அவரு துண்டு இன்னும் சுருண்டுதான் விழுது.

இதைப் படிக்கிறவங்க வீட்டுல பிள்ளை இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கூட்டிட்டுப் போங்களேன். தேக்காவுல இறங்கி, பிள்ளைங்க கத்துற சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா சந்து தெரிஞ்சுடும். பழைய துண்டு ஒண்ணு எடுத்துக்கங்க, போனைப் பையிலேயே வெச்சுக்கங்க. பிள்ளைக்கு இடது கைப் பழக்கமா? கவலையே வேணாம். அவங்களுக்குன்னு தனியா ஒரு மேசை இருக்கு, அங்க மாஸ்டர் சுமையா.