குளிர் குடித்த டீசல்

லேபில் எல்லோருக்கும் அவர் நாப்பதண்ணன். என்ன தலைபோகிற அவசரமானாலும் வண்டியின் வேகமுள்ளை நாற்பதைத் தாண்ட விடமாட்டார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். "அண்ணே, உங்க வயசே உங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிடுச்சு, நீங்க இன்னும் பின்னாடியே உருட்டிட்டு வரீங்க" என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பதிலுக்குப் பதில் பேசத் தெரியாத மனுஷன். அந்த ஒரு குறைதான் அவரைப் படுகுழியில் தள்ளியது.

லேப் என்றால் ரத்தம் பார்க்கிற இடமில்லை, பல் செட் செய்கிற இடம். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து வைத்திருப்பார்கள். அண்ணன் போய் அதை வாங்கி வருவார். உள்ளே நாலைந்து பேர் மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்து பல் வரிசை கட்டுவார்கள். கட்டியதைப் பெட்டியில் அடுக்கி மறுபடி இவரே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் கூப்பிடு தூரம். நாளெல்லாம் நிறுத்துவதும் கிளப்புவதும்தான் வேலை. வண்டி ஒரு கிழட்டு டீசல் கார். பின்சீட்டில் ஊரார் பல்லெல்லாம் இளித்துக்கொண்டு வரும்.

முதலாளி நடமாடிக்கொண்டிருந்தவரை டீசல் என்ற பேச்சே எழுந்ததில்லை. "போட்டுக்கய்யா" என்பார், அத்தோடு சரி. கோடையில் அவர் பக்கவாதத்தில் படுத்துவிட, அவர் மனைவி லேபுக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி. அண்ணனுடைய மகளுக்காக நாலு இடம் ஏறி இறங்கிக் காலேஜில் சேர்த்துவிட்டதே அந்த அம்மாதான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமாகப் படாது. ஆனால் எதையும் அளந்து பார்க்கிறவர். சனிக்கிழமை தோறும் டேங்கை நிரப்பச் சொல்லி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்பார். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் வந்தது. அது அவர் மனசில் பதிந்துபோயிற்று.

பிறகு குளிர் வந்தது. காலையில் கண்ணாடியில் படிந்த பனியை அண்ணன் அட்டையால் சுரண்டுவார். சாவியைத் திருப்பினால் வண்டி இருமும், வெள்ளைப் புகையாய்த் துப்பும், பெரிய மனசு பண்ணிக் கிளம்பும். பதினாறு பதினாலாயிற்று, பதிமூன்றாயிற்று, பதினொன்றில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏன் டிரைவர், வண்டி அதே தூரம்தான் ஓடியிருக்கு. டீசல் மட்டும் எங்க ஓடிப் போச்சு?" என்று அம்மா கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

"குளிருக்கு அப்படித்தாம்மா குடிக்கும்."

"என் காரும் இதே குளிர்லதானே ஓடுது?"

அந்த அம்மாவுடையது புத்தம்புதுப் பெட்ரோல் கார். அதற்கு என்ன சொல்வது?

சரி, விவரம் தெரிந்தவனை விட்டுச் சொல்ல வைப்போம் என்று மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனார். செய்த முதல் தப்பு அதுதான். ஏனென்றால் அந்த மெக்கானிக் அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அவன் வாய் வேறு சும்மா இருக்காது. "மேடம், டீசல் இஞ்சினுக்கு சூடுதான் உயிர். குளிர்ல ஆயில் கெட்டியாயிடும். சூடேறுற வரைக்கும் கூடுதலா டீசல் குடிச்சாத்தான் சுத்தும். மாமா கொஞ்ச தூரம் போயி நிறுத்திடுறாரு, சூடேறவே நேரமில்ல. ஹீட்டர் பிளக் வேற பழசு. தெர்மோஸ்டாட் தொறந்தபடியே மாட்டிக்கிச்சு, வர்ற சூட்டையும் நிக்க விடல. டயர்ல காத்து வேற குளிருக்குக் குறையும்..."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு காரணம் சொன்னால் காரணம், ஐந்து சொன்னால் சாக்கு. அதிலும் "மாமா" என்ற சொல் அந்த அம்மாவின் காதில் நங்கென்று விழுந்தது.

"மாமாவா? ஓ... சரி. இப்ப இதையெல்லாம் மாத்தணும், அதை நீங்களே மாத்துவீங்க, அப்படித்தானே?" என்றார்.

மச்சான் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் மெழுகு மேஜையில் இருந்த ஒருவன், "நாப்பதண்ணே, வீட்டுல இப்ப டீசல்லதான் சமையலா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அண்ணனால் சிரிக்க முடியவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். திருடன் என்ற பெயரோடு போனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

அப்போதுதான் அந்த மகா யோசனை அவருக்கு உதித்தது. ஐயோ, அது உதிக்காமலே இருந்திருக்கலாம்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொந்தக் காசில் கேனில் டீசல் வாங்கினார். லேபுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி டேங்கில் ஊற்றினார். சனிக்கிழமை நிரப்பும்போது டேங்க் குறைவாகப் பிடித்தது. பதினாறு! அடுத்த வாரமும் பதினாறு. தனக்கொரு ஸ்வெட்டர் வாங்கவென்று ஒதுக்கியிருந்த பணம் அப்படியே டேங்குக்குள் போயிற்று. குளிரில் வெடவெடத்துக்கொண்டே ஊற்றினார்.

ஒருநாள் மனைவி மாடிப்படிக்கு அடியில் கேனைப் பார்த்துவிட்டாள். சட்டையிலும் ஒரே டீசல் வாடை. கதவைச் சாத்திவிட்டு, மகளுக்குக் கேட்காத குரலில், "என்னங்க, என்கிட்ட மறைக்காதீங்க. எடுக்கறீங்களா?" என்றாள்.

ஊரே கேட்டதைத் தாங்கிக்கொண்ட மனுஷனால் இதைத் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! ஊர்ல திருடுறவன் டேங்க்ல இருந்து எடுப்பான், நீங்க உள்ள ஊத்துறீங்களா? உங்களை என்ன சொல்லித் திட்டுறதுன்னே எனக்குத் தெரியல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலையில முதல் வேலையா அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. கேட்டுக்குவாங்க."

காலையில் போனார். அவர் வாய் திறக்கும் முன்பே அம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மறுபடியும் பதினாறு வந்துடுச்சு, பாத்தீங்களா? குளிரு குறையல. வண்டியில ஒரு ஆணியக்கூட மாத்தல. நான் பேசின பிறகு தானா சரியாயிடுச்சு." அம்மாவின் குரலில் கோபமே இல்லை. "என்ன கஷ்டமோ, நான் கேக்கல. உங்களை அனுப்பவும் மாட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். இனிமே வேணாம், அவ்வளவுதான்."

"அம்மா, நான் எடுக்கல. நான்... நான்தாம்மா ஊத்தினேன். என் காசுல வாங்கி ஊத்தினேன்."

அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எடுக்காதவர் எதுக்குங்க திருப்பி ஊத்தணும்?"

அவர் என்னென்னவோ யோசித்துப் பார்த்தார். பயந்து ஊற்றினேன் என்று சொல்லலாம். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்று கேட்பார். மச்சான் சொன்னதையே மறுபடி சொல்லலாம். அதுதான் ஏற்கெனவே சாக்காகிவிட்டதே. மேஜைமேல் யாருக்கோ செய்து வைத்திருந்த பல் செட் அவரைப் பார்த்து இளித்தது. கடைசியில், "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

சாயங்காலம் வாசலிலேயே மனைவி மறித்துக்கொண்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"ஊத்தினதை நம்பினாங்க."

புரிந்ததும் கேனை எடுத்து வெளியே வீசப் போனாள். "போதும். இனிமே ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

அவர் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நிறுத்தினா பதினொண்ணு வருமே."

"வந்தா வரட்டும்!"

"வந்தா, மறுபடியும் எடுக்க ஆரம்பிச்சுட்டேன்னு நினைப்பாங்க" என்றார்.