எண் கொடுக்காமல் தொடக்கியபோது

பிள்ளைகளே, பெரியப்பா செத்துப்போய் இத்தனை நாளான பிறகும் அவருடைய போனுக்கு ஏன் செய்தி வந்தது என்று கேட்டீர்கள். நீங்கள் பயந்தது தெரியும். நானும் பயந்தேன்.

பனிச்சங்கேணி மீனவர் சங்கத்துக் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காற்று பலமானால் தோணிக்காரருக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் ஒன்று அதில் கொன்டெய்னருக்குள் ஓடுகிறது. தேவையான எல்லாம் உள்ளே அடைத்த பெட்டி போன்றது அது. தொடங்கும்போது இரண்டு தெரியவேண்டும்: என்ன செய்வது, யாருக்குச் செய்வது. ‘செய்தி அனுப்பு’ என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. யாருக்கு என்ற போன் எண்களை, அதைத் தொடக்க எழுதும் வரியின் கடைசியில் நாம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் நம்மிடம் கேட்காது. அந்தப் பெட்டியைக் கட்டிய நாளில் உள்ளே எழுதிவைத்த எண்ணை எடுத்துக்கொள்ளும்.

அன்று சோதிக்க நான் எழுதியது என் அண்ணனின், உங்கள் பெரியப்பாவின் எண். போன் அடித்ததும் சிரித்தார். "நீ ஆருடா எனக்குக் காத்துப் பாத்துச் சொல்ல?"

அவர் வாவியில் மூழ்கிப்போன நாளும் செய்தி போனது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறகு பட்டியலிலிருந்து அவர் எண்ணை எடுத்தேன். உள்ளே எழுதியதை மறந்துவிட்டேன்.

போன மாதம் பழைய கொன்டெய்னரை அழித்துப் புதியதைத் தொடக்கினேன். முன்பு கொடுத்த எண்கள் அதற்கு நினைவிருக்கும் என்று நம்பி ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் விடிய உங்கள் பெரியம்மா அந்தப் போனோடு சங்கத்துக்கு வந்தார். இத்தனை நாளும் சார்ஜ் போட்டே வைத்திருந்திருக்கிறார்.

"தம்பி, செத்த மனிசனையா தோணி இறக்க வேணாமெண்டுறீங்க?"

"என்ன மச்சாள்?"

நீட்டினார். ‘காத்து கூட. தோணி இறக்காதீங்க.’

உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் அது போகவில்லை. ஏழு தோணி வாவியில் நின்றன. எண்களை எல்லாம் எழுதி மறுபடி தொடக்கினேன். கடைசித் தோணி நனைந்து வந்துசேரும்வரை மச்சாள் கரையை விட்டு அசையவில்லை.

"அண்ணன்ட நம்பர எடுக்கட்டா?" என்றேன்.

"எடுங்க. அவர் அப்பவும் கேக்கல்ல. உங்கட நம்பரப் போடுங்க. பிழை விட்டா உங்களுக்கே அடிக்கட்டும்."

அப்படியே மாற்றிக் கட்டினேன். எல்லாரும் போனபின், எண் கொடுக்காமல் ஒருமுறை தொடக்கிச் சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்தேன். என் போன் அடித்தது. வெளியே காற்றே இல்லை. ஆனாலும் இறங்கிப் போய், கரையில் கிடந்த அண்ணனின் தோணிக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.