சான்றிதழில் ஒரு எழுத்து ஜாஸ்தி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். போர்வெல் லாரியில் மூன்று மாநிலம் சுற்றினேன். திருப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பெருக்கச் சேர்ந்து, அங்கேயே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓரமாக ஒரு மேசை கிடைத்தது. அந்த வருஷம் அங்கே தங்கிவிட்டேன்.

அங்கேதான் கல்வராயன்மலை அக்கா பழக்கம். மலையில் பதினோரு பெண்களிடம் சாமை வாங்கி ஆன்லைனில் விற்க நினைத்தார். மலையின் பெயரில் அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த இணைய முகவரியில் ஒரு கடை போட்டுக் கொடுத்தேன். கடை அழகாகத்தான் இருந்தது. ஆனால் திறந்தவுடன் மேலே ‘பாதுகாப்பானது அல்ல’ என்று காட்டியது. பார்த்தவர்கள் ஓடிவிட்டார்கள். சேலத்தில் சிறுதானியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா மட்டும் அக்காவுக்குப் போன் செய்தார். “கார்டு நம்பர் போட பயமா இருக்குதுங்க. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, மொத்த சாமையும் நானே எடுத்துக்கறேன். இல்லன்னா வேற இடம் பாத்துக்கறேன்.”

பதினோரு வீட்டுச் சாமையும் அக்கா வீட்டில் மூட்டையாக அடுக்கியிருந்தது. அக்கா வார்த்தையை நம்பிக் கொடுத்தது.

“ஒரு சர்டிபிகேட் வாங்கிப் போட்டா சரியாயிடும்க்கா, வெள்ளிக்கிழமை வாங்க” என்று போனில் சொன்னேன். மலையில் அந்தச் சொல்லுக்குத் தாலுகா ஆபீஸ் தாள் என்ற ஒரே அர்த்தம்தான் என்பதை மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார், கூடவே அவர் நாத்தனாரும். மஞ்சப்பையிலிருந்து ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, ஆறு போட்டோ எல்லாம் மேசைக்கு வந்தன.

“விஏஓ கையெழுத்து மட்டும்தான் பாக்கி தம்பி. மீட்டிங் போய்க்கிறாரு.”

“இதுக்குக் கையெழுத்தே வேணாம்க்கா.”

“கையெழுத்து இல்லாம இன்னா சர்டிபிகேட்டு?”

நாத்தனார் அக்காவின் முழங்கையை இடித்தார். “டூப்ளிகேட்டு அடிச்சிக் குடுக்கப் போறாரு அண்ணி. நாளைக்கி நம்மளதான் புடிச்சிகினு போவாங்க.”

விளக்கினேன். சான்றிதழ் கொடுப்பது எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அது ஒரு சின்ன ஃபைலைத் தரும். அதை நம் கடைக்குள் வைத்துக் காட்டினால் கடை நம்முடையதுதான் என்று நம்பிவிடும். அப்புறம் வாங்குகிறவர் எழுதும் எண்ணை வழியில் யாரும் படிக்க முடியாது.

“ஓ, வூட்டு சாவி நம்மகிட்டதான் கீதான்னு பாக்குது” என்றார் அக்கா. எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை.

ஃபைலை வைத்தேன். ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே பதில். மதியமாகிவிட்டது. நாத்தனார் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு பஸ் போர்டுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா எழுந்து என் பின்னால் வந்து நின்றார். மகளின் இனச் சான்றிதழில் ஒரு எழுத்து தப்பாகி, அதைத் திருத்த ஒன்றரை வருஷம் மலை ஏறி இறங்கியவர் அவர். அன்றிலிருந்து எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் பெயரைத்தான் படிப்பார். திரையில் நான் தட்டியிருந்த முகவரியின் இங்கிலீஷ் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“தம்பி, இந்த ‘வி’ எங்கேர்ந்து வந்துச்சி?”

மலையில் யாரும் கல்வராயன் என்று சொல்வதில்லை, கலராயன்தான். வாயில் வருகிறபடியே, ‘வி’ இல்லாமல்தான் அக்கா முகவரி வாங்கியிருந்தார். நான் பஸ் போர்டில் இருக்கிறபடி தட்டி, எங்களுக்குச் சொந்தமில்லாத பெயருக்கு அரை நாளாகச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அடுத்தவன் வூட்டுக் கதவையா நோண்டிகினு இருந்தீங்க?” நாத்தனார் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

“எட்டாங்கிளாஸ்தான்க்கா நான்” என்றேன்.

“நானு அஞ்சு” என்றார் அக்கா.

‘வி’யை எடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சான்றிதழ் வந்துவிட்டது. கடையைத் திறந்து பார்த்தோம், எச்சரிக்கை போயிருந்தது. அக்கா சேலத்துக்குப் போன் போட்டு, “இப்ப தொறந்து பாருங்கம்மா” என்றார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் ஆர்டர் வந்தது. மொத்த சாமையும்.

மலைக்குச் சொல்ல அக்கா வரிசையாக நம்பர்களை அழுத்தினார். ஒருத்தருக்கும் டவர் இல்லை.

“நேர்ல போயே சொல்லிக்கறேன்” என்று நாத்தனாரை இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார். மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் நகர்ந்துவிட்டிருந்தது; கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தவுடனே பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம் அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.