‘இருங்க’ என்று சொன்னவர்

செய்தி ஆலங்குடிக்கு மதிய பஸ்ஸில் வந்தது. நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செம்பாறைப்பட்டி அருளப்பன், தோள் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஊரிலிருந்து காரணமில்லாமல் யாரும் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள்.

“உபதேசியாரு போயிட்டாருங்க டீச்சர். காலைல கோயில் மணியை அடிச்சிட்டு வந்து படுத்தவருதான். எந்திரிக்கல. ஒங்ககிட்ட சொல்லாம எடுக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு களைப்புத்தான் வந்தது. பாதியில் நின்ற கணக்கைப் பிள்ளைகளுக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, அவரோடு கிளம்பினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த உங்களில் சிலர், சவரிமுத்து உபதேசியாரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கிணறு வெட்டிய காலம் இளையவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த ஆண்டில், திருக்கோகர்ணத்திலிருந்து செம்பாறைப்பட்டிப் பங்குப் பள்ளிக்கு நான் வேலைக்கு வந்தேன். பங்குச் சுவாமியார் வேறு ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் ஊருக்கு உபதேசியார்தான். செபம் சொல்வது, சிறுவர்களுக்கு ஞானோபதேசம் நடத்துவது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, வரப்புச் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. பாட மட்டும் வராது. பாட்டை எப்போதும் எட்டாத உயரத்தில் எடுத்துவிடுவார். பாதிப் பாட்டில் கோயிலே இருமும். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த அடிக்குப் போய்விடுவார்.

நான் வந்த இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ மழை நின்றது. கண்மாய் காய்ந்து வெடித்தது. கடலை போட்டவர்களுக்கு விதைகூடத் திரும்பவில்லை. முன்பெல்லாம் இப்படி வந்தால் சனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போவார்கள். புதுச் சட்டத்தால் அந்த வழி அப்போது அடைபட்டிருந்தது. கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கரையிலிருந்து போலீசுக்குத் தெரியாமல் தோணியில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு ஓர் ஏஜெண்டு ஊருக்குள் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் ஆண்கள் கோயில் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவர் செபஸ்தியான். நல்ல உழைப்பாளி, லூர்து என்ற மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு.

“போறோம் உபதேசியாரே. தோட்டத்துக்குப் போனா கஞ்சியாச்சும் கெடைக்கும்” என்றார்.

“தோணி கவுந்தா? கரையேறினதும் போலீசு புடிச்சா? ஒன் பொண்டாட்டி புள்ளைக்கு யாருப்பா?”

“இங்கிட்டு இருந்தா மட்டும் யாருங்க?”

உபதேசியார் கூட்டத்தில் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு, “நான்” என்றார். “இருங்க. கோயில் நெலத்துல கெணறு வெட்டுவோம். வெட்டுறவங்களுக்குத் தானியம் நான் கேட்டு வாங்கியாரேன். இருங்க.”

அருளப்பன் மட்டும் கேட்கவில்லை. அப்போது அவர் கல்யாணமாகாத இளைஞர். ஏஜெண்டோடு போய்விட்டார். மற்றவர்கள் இருந்தார்கள். உபதேசியார் சைக்கிளில் ஆவூருக்கும் புதுக்கோட்டைக்கும் அலைந்து மிஷன் தானியத்துக்கு ஏற்பாடு செய்தார். கம்பும் கேழ்வரகும் வந்தன. கிணறும் இறங்கியது. செம்பாறை. கடப்பாறை போட்டால் பொறி பறக்கும். மாலையில் பார்த்தால் காலையில் இருந்த ஆழமே இருப்பதுபோல் தோன்றும். ஆனாலும் ஊருக்கு ஒரு வேலை இருந்தது. சிரிப்பும் கொஞ்சம் திரும்பியிருந்தது.

அப்புறம் மழை வந்தது. எந்த மழைக்காக ஊர் அவ்வளவு நாள் செபமாலை சொன்னதோ அதே மழை. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மழை விட்டு வெறித்ததும் கிணற்றுக்குள் சேர்ந்த சேற்றை அள்ள ஆட்கள் இறங்கினார்கள். பாறைக்கு மேலிருந்த மண் ஊறியிருந்தது. ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். செபஸ்தியான் ஏறவில்லை. மேலே நின்று கூடை இழுத்துக்கொண்டிருந்த உபதேசியார் வெறும் கையால் மண்ணைப் பறித்ததை நான் பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அடக்கத்துக்குச் சுவாமியார் வந்திருந்தார். கல்லறையில் லூர்து சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவள் பிலோமினா அவள் சேலையைப் பிடித்திருந்தாள். எல்லாரும் மண் போட்டு முடித்ததும் லூர்து உபதேசியாருக்கு எதிரே வந்து நின்றாள்.

“நீங்கதானே இருக்கச் சொன்னீங்க?”

சுவாமியார் நல்ல மனிதர். இடையில் புகுந்து, “எல்லாம் ஆண்டவர் சித்தம் அம்மா” என்றார்.

உபதேசியார் அவர் பக்கம் திரும்பினார். “சாமி மன்னிக்கணும். இதை ஆண்டவர் மேல போடாதீங்க. சொன்னது நான்.” பிறகு லூர்துவைப் பார்த்து, “ஆமா லூர்து. நான்தான் இருக்கச் சொன்னேன்” என்றார்.

ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தோம். வீட்டுக்குப் போகும்போது ஊர் பேசிக்கொண்டே போனது. அவர் கடைசியில் தனியாக நடந்து வந்தார்.

அதன் பிறகு கிணற்றுப் பக்கம் யாரும் போகவில்லை. மூடிவிடலாம் என்றார்கள். ஒரு நாள் காலையில் அவரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். தானே கூடையை நிரப்புவார், மேலே ஏறுவார், இழுத்துக் கொட்டுவார், மறுபடி இறங்குவார். அவர் மனைவி வந்து கத்தினார், கேட்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நானும் போய் நின்றேன். அப்போது லூர்து வந்தாள். கிணற்றின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள்.

“மேல வாங்க” என்றாள்.

“தண்ணி கிட்டதான் இருக்கும்மா.”

“மேல வாங்கன்னு சொல்றேன்ல? நீங்களும் செத்துட்டா நான் யாரைப் போய்க் கேக்குறது?”

அவர் ஏறி வந்தார். மண்ணும் வியர்வையுமாய்த் தரையில் உட்கார்ந்தார். அன்று மாலையே ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் சரிந்த பக்கத்துக்குக் கல் வைத்துக் கட்டினார்கள். பிறகுதான் இறங்கினார்கள். தண்ணீர் வந்தது. பெரிய ஊற்று என்று சொல்ல முடியாது. மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்தால் கொஞ்சம் மிளகாய்க்கும் கடலைக்கும் வரும். அந்தக் கோடையில் அது போதுமானதாக இருந்தது.

லூர்து அவரை மன்னித்தாளா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை. கூரை ஒழுகினால் அவரிடம் வருவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருவாள். உதவி கேட்பவள்போலக் கேட்க மாட்டாள். செய்த வேலைக்குக் கூலி கேட்பவள்போலக் கேட்பாள். அவரும் அப்படித்தான் எழுந்து போவார். “ஒங்களுக்குன்னு ஒரு வீடு இருக்குது” என்று அவர் மனைவி சொல்வது பள்ளிக்கூடம் வரை கேட்கும். அவருக்கு அலுப்பாகத்தான் இருந்தது. அதை மறைத்ததில்லை. ஒருமுறை என்னிடம் சொன்னார்: “மேய்ப்பன், மேய்ப்பன்னு பிரசங்கத்துல லேசா சொல்லிடுறாங்க டீச்சரம்மா. ஆடு வாய் பேசாது. மனுசன் வந்து கேள்வி கேக்குறான். கேக்கத்தான் செய்யணும்.”

இதற்கிடையில் அருளப்பன் இலங்கையில் பிடிபட்டு, சிறையில் கிடந்து, திருப்பி அனுப்பப்பட்டார். கரையிறங்கியவர் ஊருக்கு வர வெட்கப்பட்டுக் கோட்டைப்பட்டினத்திலேயே மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டு உபதேசியாரே போய் அவரைக் கூட்டி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒருவர், “பாத்தீங்களா, உபதேசியாரு சொன்னது பலிச்சிருச்சு” என்று பெருமையாகச் சொன்னார். உபதேசியார் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

“என்னத்தப்பா பலிச்சிருச்சு? எம்பேச்சைக் கேட்டவன் கல்லறையில கெடக்கான். கேக்காதவன் செயில்ல கெடந்துட்டு வந்திருக்கான். இவன் அங்க நல்லா இருந்து நாலு காசு அனுப்பியிருந்தா, நான் சொன்னது தப்புன்னு சந்தோசமா ஒத்துக்கிட்டிருப்பேன்.”

அருளப்பன் தலையைக் குனிந்து நின்றார். உபதேசியார் அவரைக் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு போனார். வழக்கம்போலப் பாட்டை உயரத்தில் எடுத்தார்.

வருஷங்கள் போயின. பிலோமினா பள்ளியிறுதி முடித்தாள். திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சொந்தக்காரர்கள், தகப்பனில்லாத பெண்ணை வெளியூருக்கு அனுப்பாதே, மாப்பிள்ளை பார்க்கலாம் என்றார்கள். லூர்து உபதேசியாரிடம் வந்து, “நீங்க சொல்லுங்க. போகட்டுமா, இருக்கட்டுமா?” என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பயிற்சியில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் அவரைத் தேடிப் போனேன். “ஏன் பேச மாட்டேங்குறீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு தடவை ‘இருங்க’ன்னு சொன்னது போதாதுங்களா? ‘போ’ன்னு சொல்லவும் பயமா இருக்கு. அவங்களே முடிவு பண்ணட்டும்.”

“அவங்க திருச்சியைப் பாத்ததே இல்லீங்க. ஒண்ணும் தெரியாம என்ன முடிவு பண்ணுவாங்க? நீங்க சும்மா இருந்தா அந்தப் புள்ள இங்கதான் இருக்கும். பேசாம இருந்தே இன்னொரு தடவை ‘இரு’ன்னு சொல்லிருவீங்க.”

அவருக்கு அது வலித்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் காலை பஸ்ஸில் திருச்சிக்குப் போனார். அங்கேயே தங்கி, விடுதிச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பயிற்சிப் பெண்களோடு பேசிவிட்டுத் திரும்பினார். வந்த வேகத்தில் லூர்து வீட்டு வாசலுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டிருந்தார்.

“பாத்ததைச் சொல்றேன்” என்றார். “நின்னு நின்னு புள்ளைங்களுக்குக் காலு வீங்கிக் கெடக்கு. சோறு பரவாயில்ல. பெரிய சிஸ்டர் கண்டிப்பானவங்க. வீட்டை நெனச்சு அழுவுற புள்ளையும் இருக்கு. ‘ஊருக்கு வாரியா தாயி, கூட்டிட்டுப் போறேன்’னு கேட்டேன். மாட்டேன்னுருச்சு. இதுதான் நான் பாத்தது. முடிவு ஒங்களுது. எதுவானாலும் பின்னால நான் இருக்கேன்.”

பிலோமினா, “நான் போறேன்” என்றாள்.

லூர்து மகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “காலு வீங்குனா வீங்கட்டும். கெணத்துல எறங்க வேணாம்ல?” என்றாள்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதது எனக்குத் தெரியும். லூர்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். அவர் குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஊர்க் கூட்டங்களில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். “எல்லாத்துக்கும் எம்மூஞ்சியைப் பாக்காதீங்க. நான் போன பொறகு யாரு மூஞ்சியைப் பாப்பீங்க?” என்று பின்வரிசையில் உட்கார்ந்தார். சனங்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரையே பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச காலத்தில் ஊர் தானே பேசப் பழகியது. சில முடிவுகள் கோணலாகவும் போயின. “போகட்டும், அவங்க எடுத்தது” என்பார்.

பின்னாளில் நான் ஆலங்குடிக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். போன தவக்காலத்தில் ஊருக்குப் போனபோது அவரைக் கடைசியாகப் பார்த்தேன். கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். பல வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “அன்னைக்கு நீங்க இருக்கச் சொன்னது சரிதானுங்களா?”

“தெரியலீங்க டீச்சரம்மா” என்றார். பிறகு, “நம்மள நம்பி ஒருத்தன் ஒரு முடிவெடுத்துட்டா, அது எங்கிட்டுப் போய் முடியுதுன்னு பாக்காம நாம கண்ணை மூட முடியாது. நான் பாத்துட்டேன். பாதி நல்லா முடிஞ்சுது. பாதி முடியல. ரெண்டையும் பாத்துட்டேன்” என்றார்.

அவரை அடக்கம் செய்த அன்று திருச்சியிலிருந்து பிலோமினா வந்திருந்தாள். லூர்து கல்லறையில் கடைசி ஆள் போகும் வரை நின்றாள். எல்லாரும் போன பிறகு ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு, மகளோடு நடந்தாள்.

அவரிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பொருள் எதுவும் இல்லை. ஒரு வேலைதான் இருக்கிறது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வந்து, படிக்க வைக்கலாமா, நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். முன்பு சொன்னதோடு மறந்துவிடுவேன். இப்போது, கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போகிறேன். சில வீடுகளில் காப்பி கொடுக்கிறார்கள். சில வீடுகளில், நீங்க சொன்னீங்களேன்னுதான் செஞ்சோம், இப்படி ஆயிருச்சே என்று கேட்கிறார்கள். நின்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கும் வயதாகிறது, முழங்கால் வலி இருக்கிறது. நாளை சனிக்கிழமை. முந்திரிக் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்த வேண்டாம் என்று ஆனியில் சொன்னேன். பஸ் போகாத ஊர். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்ப வேண்டும்.